துணை நீக்கலின் அறம்

பிறர்க்குத் துணை செய்தலைப் பற்றி நம் அறநூல்கள் விரிவாகவே பேசியுள்ளன. ஈகை, ஒப்புரவு, கண்ணோட்டம் என அதற்குத் தனித்தனி அதிகாரங்கள் வகுக்கப்பட்டுள்ளன. செய்த துணையை எப்பொழுது, எவ்வாறு திரும்ப எடுத்துக்கொள்வது என்னும் வினாவோ அத்துணை விரிவாக எழுப்பப்படவில்லை. கொடுத்ததை எடுத்தல் இழிவு என்ற எண்ணம் இதற்குக் காரணமாகலாம். ஆயினும் சில துணைகள், உரிய காலத்தில் எடுக்கப்பட்டாலன்றித் துணையாக நிலைப்பதில்லை. குழந்தையின் கையைப் பற்றி நடைபயிற்றும் தாய் ஒருநாள் அக்கையை விட்டேயாக வேண்டும். விடும் கணம் எது? குழந்தை விழாது என்பதை எவ்வாறு அறிவது? விழக்கூடும் என்று அறிந்தே விடுதல் அறமாகுமா? இவை எளிய வினாக்களாகத் தோன்றுவதற்குக் காரணம், வீழ்ந்த குழந்தை மீண்டும் எழும் என்ற உறுதி நமக்கு இருப்பதே. வீழ்ச்சி உயிரிழப்பாக முடியக்கூடிய ஓரிடத்தில் இதே வினாவை வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்விடம் வைத்தியசாலையின் அதிதீவிர சிகிச்சைப் பிரிவு. துணையோ, செயற்கைச் சுவாச இயந்திரம்.

இவ்வினாவை நான் நூல்களிலிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர், கண்டி மாவட்டத்து வைத்தியசாலையொன்றில் உறவினர் ஒருவருக்காகக் காத்திருந்தேன். தோட்டத்திலிருந்து வந்திருந்த முதியவர் ஒருவர் அதே வாங்கில் அமர்ந்திருந்தார். அவருடைய மகன், மரக்கறிச் செய்கைக்கென வைத்திருந்த பீடைகொல்லியை அருந்திவிட்டான். நம்மவர் பேச்சில் அதற்கும் 'மருந்து' என்றே பெயர். மருந்து குடித்தவனை மருந்து கொடுத்துக் காப்பாற்றினார்கள் என்று நாம் கூசாமற் சொல்லிக்கொள்கிறோம். மகன் ஒன்பது நாளாக இயந்திரத்தின் துணையுடன் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் அதனை எடுத்துப் பார்க்கப்போவதாக யாரோ அவரிடம் கூறியிருந்தனர். அவர் என்னிடம் கேட்டார்: "மிசின எடுக்கப்போறாங்களாம் ஐயா. எடுத்தா புள்ளைக்குச் சொகமாயிருச்சுன்னு அர்த்தமா, இல்ல கைய விட்டுட்டாங்கன்னு அர்த்தமா?"

என்னால் விடை கூற இயலவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே செயலே. அதே கை, அதே குழாயை, அதே முறையிற் கழற்றுகிறது. ஒன்று பேறு, மற்றையது கைவிடல். இவற்றை வேறுபடுத்துவது எது?

இவ்வினாவுக்கும் நாம் பயிலும் இப்பேராதனைச் சூழலுக்கும் நெருங்கிய தொடர்புண்டு. பசுமைப் புரட்சியோடு நம் வயல்களுக்கும் மலைநாட்டு மரக்கறித் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்த பீடைகொல்லிகள், பயிர்களைக் காத்த அளவுக்கு மனிதரைக் காக்கவில்லை. ஜெயரத்தினமும் அவருடன் பணியாற்றியோரும் 1982இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வு, ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 13,000 பேர் இந்நஞ்சுகளினால் இலங்கை வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்படுவதையும், அவர்களுள் ஏறத்தாழ 1,000 பேர் இறப்பதையும் எடுத்துக்காட்டிற்று. பெரும்பாலோர் தம்முயிரை மாய்க்க முயன்றவர்கள்.

இவர்களைப் பார்த்துவந்த பேராதனை மருத்துவ பீடத்தைச் சேர்ந்த நிமால் சேனாநாயக்க, லக்ஷ்மன் கரல்லியத்த ஆகிய இருவரும் 1987இல் நியூ இங்கிலாந்து வைத்திய சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். சேதனப் பொசுபரசு வகை நஞ்சை அருந்தியவர் முதலில் வியர்த்து, உமிழ்நீர் பெருகி, சுவாசப்பை சுரப்பினால் நிறைந்து துன்புறுகிறார். நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டுசெல்லும் அசற்றைல்கோலின் என்னும் பொருளைச் சிதைக்கும் நொதியத்தை நஞ்சு முடக்கிவிடுவதே அதன் காரணம். அத்திரோப்பின் முதலியன கொடுக்கப்பட, அந்நிலை தணிகிறது. நோயாளி கண்விழிக்கிறார், உறவினர் ஆறுதலடைகின்றனர். அதன் பின்னரே, நஞ்சருந்தி 24 முதல் 96 மணித்தியாலங்களுக்குள், சிலருக்கு இரண்டாவது ஆபத்து நேர்கிறது. கழுத்துத் தசை தளர்கிறது. தோளும் தொடையும் தளர்கின்றன. இறுதியாக மூச்சுத் தசைகள் தளர்கின்றன. இத்தகைய 10 நோயாளரை இவ்விருவரும் விவரித்தனர். அவர்களுள் நால்வருக்கு உடனடியாகச் செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டது. தளர்ச்சி சிலரில் 18 நாள் வரை நீடித்தது. முதற் கட்டத்துக்கும், வாரங்கள் கழிந்து தோன்றும் நரம்புச் சிதைவுக்கும் இடையே நிகழ்வதால் இதனை 'இடைநிலைக் கூட்டறிகுறி' என அழைத்தனர். உலகெங்கும் மருத்துவ நூல்களில் இன்று வழங்கும் பெயர் அது. நம் ஊரின் துயரத்திலிருந்து பிறந்த பெயர் என்பதை நம்மிற் பலர் அறியோம்.

அறவியல் நோக்கில் இந்நோய்க்கு ஒரு தனித்தன்மை உண்டு. மூச்சுத் தசைகள் முற்றாக அழிந்துபோவதில்லை. சில நாட்கள், கூடினால் சில வாரங்கள், வேறொன்று அவற்றின் பணியைச் செய்துகொடுத்தால் அவை மீண்டுவிடும். செய்துகொடுக்காவிடின் மரணம். ஆகவே இங்கு துணை முற்றிலும் இன்றியமையாதது, முற்றிலும் தற்காலிகமானதுமாகும்.

இவ்வகைத் துணை எவ்வாறு உலகுக்கு வந்தது என்பதைச் சிறிது நோக்குதல் தகும். நமது பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து பேராதனைக்குப் பெயர்ந்த அதே 1952ஆம் ஆண்டில், கோப்பன்கேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பெருந்தொற்றாகப் பரவிற்று. பிளேக்டம் வைத்தியசாலையில் மூச்சுத் தசை செயலிழந்தோர் நாடோறும் வந்து குவிந்தனர். இயந்திரங்களோ மிகச் சில. பியோன் இப்சன் என்ற உணர்வகற்றல் மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, இறப்பர்ப் பையொன்றைக் கையால் அழுத்திக் காற்றுச் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார். பையை அழுத்தியவர் யார்? ஏறத்தாழ 1,500 மாணவர்கள், முறைவைத்து, இரவும் பகலும் வாரக்கணக்காக நோயாளரின் தலைமாட்டில் அமர்ந்து அழுத்தினர். மரணம் பெரிதும் குறைந்தது. கையால் அழுத்துபவனுக்கு ஒரு வசதி உண்டு. நோயாளியின் சொந்த முயற்சி திரும்பும்போது பை அவன் விரல்களுக்குள் சிறிதே இழுபடும். துணை குறைக்கத்தக்க காலம் வந்ததை முதலில் அறிவது கையே. இயந்திரம் வந்தபோது நோயாளிக்கும் துணைவனுக்குமிடையே இருந்த அத்தொடுகை அகன்றது. அதன் பின் வந்த எழுபது ஆண்டு ஆராய்ச்சியின் ஒரு பெரும் பகுதி, விரல்கள் அறிந்ததை எண்களால் மீட்க முயன்ற முயற்சியே எனலாம்.

துணையின் கேடு என்னவென்பதையும் கூறுதல் வேண்டும். மூச்சின் முதன்மைத் தசை பிரிமென்றகடு. நாம் பிறந்த கணம் முதல் ஓய்வின்றி உழைப்பது, ஓய்வுக்குப் பழகாதது. 2008இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், மூளை இறந்து உறுப்புத் தானம் செய்த 14 பேரின் பிரிமென்றகட்டுத் தசையிழைகள் ஆராயப்பட்டன. அவர்கள் இயந்திரத்தில் இருந்த காலம் 18 முதல் 69 மணித்தியாலங்கள் மட்டுமே. அவ்வளவிற்குள் தசையிழைகளின் பருமன், குறுகிய நேரச் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டோரின் இழைகளோடு ஒப்பிடுகையில், பாதிக்கும் மேலாகக் குறைந்திருந்தது. மூன்று நாள் கூட நிறையவில்லை. மூச்சைத் தாங்கிய அதே துணை மூச்சுத் தசையைத் தேயச் செய்தது. இதனோடு சுவாசப்பைத் தொற்றையும், குழாயினால் வரும் புண்ணையும் சேர்த்து நோக்குமிடத்து, 'இன்னும் ஒரு நாள் இருக்கட்டும்' என்னும் இரக்கம் எவ்வளவு இரக்கமுடையது என்ற ஐயம் எழுகிறது.

இயந்திரத்திலிருந்து விடுவிக்கும் இச்செயலுக்கு ஆங்கில மருத்துவர் வழங்கும் சொல், குழந்தையைப் பால்மறக்கச் செய்தலைக் குறிப்பது. நம் தாய்மார் முலைக்காம்பில் வேப்பிலைச் சாறு தடவிப் பால்மறக்கச் செய்ததை நாம் அறிவோம். உவமை அழகியது, ஆயின் ஓரிடத்திற் பிழைபடுகிறது. பால்மறக்கும் குழந்தைக்குச் சோறு உண்டு. இயந்திரத்தை இழப்பவனுக்கு வேறு உணவில்லை. அதே காற்றைத் தானே இழுத்தாக வேண்டும். மேலும், குழந்தை அழுதாலும் தாய் இறுதிவரை உறுதியாக நிற்கலாம். இங்கு அழுகையைப் பொருட்படுத்தாதவன் கொலைஞனாவான்.

அவ்வழுகை எத்தகையது? குழாய் வாதனாளியினுள் குரல்நாண்களின் இடையே செல்வதால் நோயாளிக்குக் குரலில்லை. உந்தியிலிருந்து எழும் வளியே நெஞ்சிலும் மிடற்றிலும் நின்று எழுத்தொலியாகிறது எனத் தொல்காப்பியப் பிறப்பியல் விளக்குவதை இலக்கணம் பயின்றோர் அறிவர். இங்கு வளி மிடற்றைத் தொடாமலே போய்வருகிறது, எழுத்துப் பிறப்பதில்லை. எனவே நோயாளி தன் மூச்சின் போக்கினாலேயே பேச வேண்டியவனாகிறான்.

அம்மொழியின் இலக்கணத்தைச் சிறிது காண்போம். உடல்நலமுடைய ஒருவர் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்குப் பதினான்கு தடவை, தடவைக்கு அரை லீற்றர் அளவில் மூச்செடுக்கிறார் என்று கொள்வோம். நிமிடத்துக்கு 7 லீற்றர். ஒவ்வொரு மூச்சிலும் ஏறத்தாழ 150 மில்லிலீற்றர் மூக்கு முதல் சுவாசக் குழாய்கள் வரையிலான வழியிலேயே நின்றுவிடும், குருதியைச் சேராது. அதனைக் கழித்தால் பயன்படுவது 4.9 லீற்றர். இனி, இயந்திரம் நீக்கப்பட்ட ஒருவன் நிமிடத்துக்கு 35 தடவை, கால் லீற்றர் வீதம் மூச்செடுக்கிறான் எனில், அவன் அசைக்கும் காற்று 8.75 லீற்றர், பயன்படுவதோ 3.5 லீற்றர் மட்டுமே. கூடுதலாக உழைத்துக் குறைவாகப் பெறுகிறான். வறியவனின் பொருளியல் இதுவே. சிறிது சிறிதாகவே வாங்க முடிந்தவன் ஒவ்வொரு முறையும் வழிச்செலவைக் கொடுத்தழிகிறான்.

ஏன் அவன் ஆழ்ந்து மூச்செடுப்பதில்லை? ஆழ்ந்த மூச்சு ஒவ்வொன்றும் தளர்ந்த தசையிடம் பெரும் விசையைக் கேட்கும். ரூசோஸ், மக்லெம் ஆகியோர் 1977இல் உடல்நலமுடையோரை வைத்துச் செய்த பரிசோதனையில், பிரிமென்றகடு தன் உச்ச வலிமையின் ஏறத்தாழ 40 வீதத்துக்குமேல் ஒவ்வொரு மூச்சிலும் செலவிட நேர்ந்தால் நெடுநேரம் தாங்காது என்பது புலனாயிற்று. வலிமை குன்றியவனுக்கு அவ்வெல்லை மிக அருகில் இருக்கிறது. ஆதலால் அவன் உடல், அவன் எண்ணாமலே, சிறு மூச்சுகளாகப் பிரித்துச் சுமக்கிறது. டோபினும் யாங்கும் 1991இல் இதனை ஓர் எண்ணாக்கினர். நிமிடத்துச் சுவாச எண்ணிக்கையை ஒரு மூச்சின் லீற்றர் அளவால் வகுத்தால், மேற்கூறிய நலமுடையவருக்கு 28, அந்நோயாளிக்கு 140. எண் 105ஐ விஞ்சுமாயின் துணையின்றி நிலைத்தல் அரிது என அவர்கள் கண்டனர். அளப்பதற்கு ஒரு நிமிடமும் எளிய கருவியுமே போதும்.

வேறொரு அறிகுறியும் உண்டு. மூச்சை உள்ளிழுக்கும்போது வயிறு வெளியே எழுவதற்குப் பதிலாக உள்ளே அமிழும். நெஞ்சும் வயிறும் எதிரெதிராக அசையும் இத்தோற்றம் தசைக் களைப்பின் அடையாளம் என 1982இல் கருதப்பட்டது. 1987இல் டோபினும் பிறரும் நலமுடையோரிடத்து ஆராய்ந்தபோது, களைப்பு வருமுன்னரே, சுமை ஏறியவுடனேயே அது தோன்றுவதைக் கண்டனர். இத்திருத்தம் சிறிதெனத் தோன்றலாம். எனக்கு இவ்விடயத்தில் மிகவும் பொருள் பொதிந்ததாகப் படுவது இதுவே. உடல், தான் வீழ்ந்துவிட்டதை அன்று, தன்மீது சுமை ஏறிற்று என்பதையே முதலிற் சொல்கிறது. கேட்கும் செவியுள்ளவன் களைப்புக்கு முன்னரே செயற்படலாம்.

அவ்வாறே செயற்படுகின்றனர் என்பதற்கும் சான்றுண்டு. விடுவிக்கும் முயற்சி தோல்வியுறுவது பிரிமென்றகட்டின் களைப்பினாலா என்பதை லாகியும் பிறரும் 2003இல் நேரடியாக அளந்தனர். கழுத்து நரம்பைத் தூண்டித் தசையின் விசையை முயற்சிக்கு முன்னும் பின்னும் அளந்தபோது, தோல்வியுற்றவரிடத்தும் நீடித்த களைப்பின் அடையாளம் காணப்படவில்லை. காரணத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். துன்பத்தின் குறிகளைக் கண்டவுடனே மருத்துவர் முயற்சியை நிறுத்தி நோயாளியை இயந்திரத்தில் மீண்டும் சேர்த்துவிட்டனர். களைப்பு வருமுன் கருணை வந்துவிட்டது. ஆகவே தசையின் உண்மையான எல்லை அளவிடப்படாமலே போயிற்று. அறிவுக்கு இது குறை, அறத்துக்குக் குறையன்று. ஒருவன் எவ்வளவு தாங்குவான் என்பதை அவன் முறியும்வரை சோதித்தே அறிய வேண்டுமென்பது பொறியியலாளன் இரும்புக்கு விதிக்கும் விதி. மேலும், ஒருமுறை முற்றாகக் களைத்த பிரிமென்றகடு மீள ஒரு நாளேனும் ஆகும். எல்லையை அறிவதற்காக எல்லையைக் கடந்தவன், அறிந்த அதனையே அழித்துவிடுகிறான்.

இத்துணையும் அவசரமாக விடுவிப்பதன் தீங்கைப் பற்றியது. மறுபக்கத் தீங்கு அத்துணை எளிதிற் கண்ணிற் படுவதில்லை. எஸ்தேபானும் அவர் கூட்டத்தினரும் ஸ்பானிய வைத்தியசாலைகளில் நடத்தி 1995இல் வெளியிட்ட ஆய்வில், விடுவிக்கத் தகுதி பெற்றவராகக் கருதப்பட்ட 546 பேர் இயந்திரமின்றி இரண்டு மணித்தியாலம் மூச்சுவிடுமாறு விடப்பட்டனர். அவர்களுள் 130 பேரே துன்புற்றனர். ஏனைய நான்கில் மூன்று பங்கினரும் முதல் முயற்சியிலேயே நின்றனர். அவர்களிற் சிலரேனும் முந்திய நாளே நின்றிருக்கக்கூடும் என எண்ணாதிருக்க முடியவில்லை. கேட்டுப் பார்க்காததே தடையாயிருந்தது. தோல்வியுற்ற 130 பேரை வைத்துத் தொடர்ந்த ஆய்வு இன்னும் வியப்பானது. துணையைப் படிப்படியாகக் குறைக்கும் முறைகளைவிட, நாளுக்கு ஒரு முறை முழுமையாக விட்டுப் பார்த்து, இயலாவிடின் அன்று முழுவதும் முழு ஓய்வு கொடுக்கும் முறையே விரைவில் விடுவித்தது. சிறிது சிறிதாகக் குறைத்தலே அன்பு என நாம் எண்ணப் பழகியுள்ளோம். அரைத் துணையில் நாளெல்லாம் போராடவிடுவதினும், முழுச் சுமையைச் சிறிது நேரம் தந்து, முழு ஓய்வையும் தருவது மேலானது போலும்.

எண்ணும் ஒரு தடையாகிவிடலாம். 105 என்ற அளவைக் கட்டாய வாயிலாக வைத்துப் பார்த்த 2006ஆம் ஆண்டு ஆய்வொன்றில், அவ்வாயிலின் வழி சென்றோரே பின்தங்கி விடுபட்டனர். எச்சரிக்கைக்காக ஏற்பட்ட எண், தயக்கத்துக்குச் சான்றிதழ் வழங்கத் தொடங்கிவிட்டது.

இங்கு மருத்துவரின் மனச்சாட்சியைப் பற்றியும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. குழாய் அகற்றப்பட்டோருள் பத்துப் பேருக்கு ஒருவர் இருவர்க்கு அதனை மீண்டும் செருக நேர்கிறது. அவ்வாறு நேர்ந்தோரில் இறப்பு மிகுதி. ஆயின், ஒருவர்க்கேனும் மீளச் செருக நேராத ஒரு மருத்துவர் இருப்பாராயின் அவரைப் புகழ்வதற்கு முன் நாம் தயங்குதல் வேண்டும். அவர் ஏனைய பலரை வேண்டாத நாட்கள் கட்டிவைத்திருத்தல் கூடும். அகற்றியபின் நேரும் தீங்கு அகற்றிய கையின்மேல் ஏற்றப்படுகிறது. வைத்திருந்ததனால் நேரும் தீங்கோ நோயின்மேல் ஏற்றப்படுகிறது. பழி இவ்வாறு கோணலாகப் பங்கிடப்படும் இடத்தில், தயங்குதலே நல்லொழுக்கமாக வேடமிடும். ஆட்சி செய்தோர், ஆளப்பட்டோரை நோக்கி 'இன்னும் காலம் கனியவில்லை' என்று நெடுங்காலம் கூறிவந்ததும் இத்தகைய வேடமே.

அதற்கு நேர்மாறான வேடமும் உண்டு. 1979இல் நம் நாட்டில் அரிசிப் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. முத்திரையின் பெறுமதி மாறாதிருக்க விலைவாசி ஏறிற்று. துணை, யாரும் எடுக்காமலே கரைந்தது. மெலிந்தவர் எவர், அவர் மூச்சின் வேகம் என்ன என்று அருகிருந்து எண்ணியவர் இல்லை. இதனைத் தற்சார்பு என்று பெயரிட்டழைப்பதும் எளிதே. உவமையை அதன் எல்லைக்கு அப்பால் இழுத்தல் ஆகாதெனினும், இரண்டிடத்தும் குறை ஒன்றே. நீக்கினவர் நீக்கியபின் அங்கு நிற்கவில்லை.

முதியவரின் வினாவுக்கு விடையை நான் இவ்விடத்திலேயே தேடுகிறேன். நலம் கண்டு விடுவித்தலுக்கும் கைவிடலுக்கும் உள்ள வேறுபாடு குழாயைக் கழற்றும் செயலில் இல்லை. அதற்கடுத்த முப்பது நிமிடத்தில் இருக்கிறது. நீக்கியவர் அருகில் நின்று மூச்சை எண்ணுகிறாரா? சுமையின் குறி தோன்றியதும் மீளக் கொடுக்க ஆயத்தமாக இருக்கிறாரா? மீளக் கொடுப்பதைத் தோல்வியாகவோ நோயாளியின் குற்றமாகவோ எண்ணாதிருக்கிறாரா? ஆம் எனில் அது துணையின் தொடர்ச்சியே.

இவ்விடை நிறைவானதென நான் சொல்லவில்லை. இரண்டு இடங்களில் அது இடறுகிறது.

முதலாவது, இயந்திரம் ஒன்றாயிருக்க நோயாளர் இருவராயிருக்கும் நிலை. கோப்பன்கேகனில் கைகள் அக்குறையை நிரப்பின. எங்கும் அவ்வளவு கைகள் கிடையா. வாயிலில் இன்னொருவர் காத்திருக்கையில், உள்ளிருப்பவரின் மூச்சை நோக்கும் கண் அறியாமலே சற்று நம்பிக்கை மிகுந்ததாகிவிடும். மீளக் கொடுக்க இயந்திரம் இராதென்றால், முன்னர்க் கூறிய இலக்கணப்படி அது விடுவித்தல் அன்று. அதனை நியாயப்படுத்தும் காரணங்கள் இருத்தல் கூடும். இருவரில் ஒருவரைத் தெரிந்தெடுக்க வேண்டிய கொடுமை உலகில் உண்டு. ஆயினும் அதனை அதன் பெயராலேயே அழைத்தல் வேண்டும். 'தானே மூச்சுவிடும் தகுதி பெற்றுவிட்டார்' என்று குறிப்பேட்டில் எழுதுதல், இறந்தவருக்குச் செய்யும் இரண்டாவது தீங்காகும்.

மற்றையது இதனினும் கடினமானது. மூச்சே வேண்டாமென்று நஞ்சருந்தியவனுக்கு நாம் மூச்சைக் கொடுத்து, பின்னர் 'இனி நீயே விடு' என்கிறோம். அவன் கேட்காத துணையைக் கொடுக்கவும், அவன் விரும்பாத சுமையைத் திரும்பச் சுமத்தவும் நமக்கு என்ன உரிமை? தன்னுரிமையைப் பேசும் மெய்யியலார் இதனை ஒரு வாதப் பொருளாகவே விட்டுவிடுவர். ஆனால் நம் நாட்டின் வரலாறு வாதத்துக்கு அப்பால் ஒரு செய்தியைத் தருகிறது. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த பதிவாளர் அலுவலகம் இங்கு அண்மையில் கெட்டம்பேயிலேயே உள்ளது. மிகக் கொடிய வகைப் பீடைகொல்லிகள் 1995 அளவிலும், வேறொன்று 1998இலும், மேலும் மூன்று 2008 முதல் 2011 வரையிலும் தடைசெய்யப்பட்டன. 1995இல் ஒரு இலட்சம் பேருக்கு 47 ஆக இருந்த தற்கொலை வீதம் 2005 அளவில் பாதியாகக் குறைந்தது. வியப்பென்னவெனில், நஞ்சருந்திய நிலையில் வைத்தியசாலைக்கு வந்தோரின் தொகை அவ்வாறு குறையவில்லை. வந்தனர், பிழைத்தனர், வீடு திரும்பினர். வேறு வழி தேடிச் சென்று இறந்தோரால் அவ்விடம் நிரப்பப்படவில்லை. அவர்களிற் பெரும்பாலோர் வேண்டியது மரணத்தையன்று, அந்த ஒரு மாலைப்பொழுதின் துன்பம் நீங்குதலையே எனக் கொள்ள இது இடந்தருகிறது. கைக்கெட்டிய தூரத்தில் இருந்த புட்டி, அம்மாலையை மீளமுடியாததாக்கியது. ஆகவே இயந்திரம் அவனுடைய முடிவை மீறவில்லை. முடிவு செய்யும் காலத்தை நீட்டித் தருகிறது என்று நான் எண்ணுகிறேன். எல்லோரிடத்தும் இது பொருந்துமென அறுதியிட்டுக் கூறும் துணிவு எனக்கில்லை.

ஆனால் அவனை அங்கு கொண்டுவந்த கடன், காதல், குடும்பச் சண்டை, தோட்டத்து வேலையின் கூலி ஆகியவற்றின்மேல் எந்த இயந்திரமும் பொருத்தப்படவில்லை. அவற்றிலிருந்து அவன் விடுவிக்கப்பட்டானா என எண்ணுவார் எவர்?

மொழியைப் பற்றியும் சொல்லாது விடுவதற்கில்லை. இடைநிலைக் கூட்டறிகுறியின் முதற் குறி, நோயாளியால் தலையணையிலிருந்து தலையை உயர்த்த முடியாமையாகும். அதனை அறிய மருத்துவர் அவனிடம் கேட்க வேண்டும். 'ஒளுவ உஸ்ஸன்ன' என்பது விளங்காதவன் தலையை அசையாது கிடப்பான்; தசை தளர்ந்ததாலா, சொல் விளங்காததாலா என்பது எவ்வாறு தெரியும்? தமிழும் ஆட்சிமொழி என்ற 13ஆம் திருத்தம் நிறைவேறியது, பேராதனையாரின் கட்டுரை வெளிவந்த அதே 1987இலேயே. மலையகத்து நோயாளிக்கு 'தலையைத் தூக்குங்க' என்று சொல்லக்கூடிய ஒருவர் கட்டிலருகில் இருத்தல், இயந்திரத்துக்கு இணையான கருவியாகும். நம்மிடையே மருத்துவம் பயிலும் மாணவர், சிங்களவராயினும் தமிழராயினும், மற்றை மொழியில் இச்சில சொற்களையேனும் கற்றுக்கொள்வது கடினமன்று.

மறுநாள் காலை நான் மீண்டும் அங்கு சென்றேன். முதியவர் வாங்கில் இல்லை. கண்ணாடிக் கதவருகில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே தாதி ஒருவர் பையனின் கட்டிலருகில் மணிக்கூட்டைப் பார்த்தவாறு நின்றார். முதியவரின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. செபிக்கிறார் போலும் என நினைத்தேன். அருகிற் சென்றபோதுதான், அவர் எண்ணிக்கொண்டிருந்ததை அறிந்தேன். முப்பதில் நிறுத்தி, மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கினார். அன்று இயந்திரத்தை மீளப் பொருத்தினர். மூன்றாம் நாள் மீண்டும் எடுத்தனர், பின்னர் பொருத்தவில்லை. குழாய் போனபின் பையன் கரகரத்த குரலில் முதலிற் கேட்டது தண்ணீர் என்று அவர் எனக்குச் சொன்னார். அவர் மகனிடம் என்ன கேட்டார் என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.